ஓடாத பழைய காரைக் கையால் நகர்த்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு 1938 ஷெவர்லே நிற்கிறது. தாத்தா வாங்கியது. 1960களில் நிறவெறி அரசு அதே நகரத்தின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் குடும்பங்களைக் கிளப்பியபோது பாத்திரம் பண்டம், படுக்கை, சாமி படம் எல்லாவற்றையும் சுமந்து வந்த வண்டி. எஞ்சின் இறுகிப்போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதை நான்கு முறை இடம் மாற்றியிருக்கிறோம். கூரைத் தகடு மாற்ற ஒருமுறை, தரைக்கு சிமெண்ட் போட ஒருமுறை, கல்யாணப் பந்தலுக்காக வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட இரண்டு முறை. எல்லாமே கையால்தான்.

முதல் முறை தவறாகப் போயிற்று. எங்கள் வீட்டுப் பாதை தெருவிலிருந்து கொட்டகை வரை சரிந்து இறங்கும். எட்டுப் பேர் சேர்ந்தோம். பாதிப் பேர் முன் பம்பரில் கயிறு கட்டி இழுக்க, மீதிப் பேர் பின்னால் நின்று தள்ள, வண்டி மேலே ஏறியது. பாதி தூரத்தில் பம்பரைத் தாங்கும் இரும்பு துருவில் இற்று, கயிற்றோடு கையில் வந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டு கொட்டகைத் தூணில் மோதித்தான் நின்றது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த என் தம்பி சட்டென்று ஒரு எட்டு விலகினான், பிழைத்தான். அன்று பெரியம்மா எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தேர் இழுக்கிறவங்க முட்டுக்கட்டை இல்லாம இழுப்பாங்களாப்பா?”

அந்தக் கேள்விதான் இந்த வேலைக்கு முதல் பாடம். பெரிய கோயில் தேர்களில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தருகே கட்டையோடு குனிந்து நடப்பவர்கள்தான். காரை நகர்த்துவதும் அதே மாதிரி வேலை. தள்ள ஆள் கிடைப்பது சுலபம். வண்டியை எப்படி நிறுத்தப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு அங்குலம்கூட அசைக்கக் கூடாது.

முதலில் கணக்கு

வண்டி என்ன எடை, தரை என்ன சரிவு. இந்த இரண்டும் தெரிந்தால் எத்தனை பேர் வேண்டும் என்பது தெரிந்துவிடும். மோரிஸ் மைனர் முக்கால் டன்னுக்குச் சற்று மேல். ஃபோர்ட் மாடல் ஏ ஏறக்குறைய ஒரு டன். எங்கள் ஷெவர்லே சுமார் 1300 கிலோ. டயரில் காற்று நிறைந்திருந்து, தரை மட்டமான சிமெண்டாகவும் இருந்தால், எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு விசை போதும். அதாவது ஒரு டன் வண்டிக்கு 15 முதல் 20 கிலோ. நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் தேவைப்படும். புல்தரை, சரளை, காற்றில்லாத டயர் என்றால் இந்த அளவு பல மடங்காகிவிடும்.

சரிவு வந்தால் கணக்கே மாறும். இருபது அடிக்கு ஒரு அடி ஏறும் தரையில் ஒரு டன் வண்டிக்கு 50 கிலோ கூடுதலாக வேண்டும். பத்துக்கு ஒன்று என்றால் 100 கிலோ. ஒரு ஆள் மூச்சு வாங்காமல் தொடர்ந்து தள்ளக்கூடியது சுமார் 20, 25 கிலோதான். எங்கள் பாதை பத்துக்கு ஒன்று. அன்று எங்களுக்குச் சுமார் 155 கிலோ விசை தேவைப்பட்டிருக்கும், எட்டுப் பேரின் முழுப் பலமும் அதற்கே சரியாகப் போயிருக்கும். ஒருவர் கால் வழுக்கினால்கூடத் தாங்க மிச்சம் இல்லை. இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளச் சட்டமும் ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையை மட்டம் காட்டும்வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் இருபதுக்கு ஒன்று, 10 என்றால் பத்துக்கு ஒன்று. வண்டி போகும் வழி முழுக்க இப்படி நாலைந்து இடத்தில் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிடுங்கள். மட்டமாகத் தெரியும் கொட்டகைத் தரையும் தண்ணீர் வடியச் சற்றுச் சாய்வாகவே இருக்கும்.

மட்டத்தில் உள்ளே ஒருவர், தள்ள மூன்று நான்கு பேர். இருபதுக்கு ஒன்றில் ஆறு பேர். அதற்கு மேல் சரிவு என்றால் ஆளைச் சேர்க்காதீர்கள், கம்பிவடத்தைக் கையால் இழுக்கும் கருவியான கைவின்ச் எடுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தார்ப்பாயைத் தூக்குமுன்

வருடக்கணக்காக நின்ற கார் ஏதோ ஒன்றுக்கு வீடாகியிருக்கும். டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ், சாட்ஸ்வொர்த், குவீன்ஸ்பர்க் பக்கம் கறுப்பு மாம்பா உண்டு. விஷம் துப்பும் மொசாம்பிக் நாகமும் உண்டு. எலி இருக்கும் கொட்டகையில் இவற்றை எதிர்பார்த்தே போங்கள். தார்ப்பாயை நீண்ட கம்பால் தூரத்திலிருந்து இழுங்கள். சீட்டுக்கு அடியில், பானெட்டுக்குள், மட்கார்ட் வளைவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பைக் கண்டால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உங்கள் பகுதியில் பாம்பு பிடிப்பவரின் எண்ணை முந்தின நாளே கேட்டு வைத்திருப்பது நல்லது. குளவிக்கூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளும்போது குளவி கிளம்பினால் எல்லோரும் கையை விட்டுவிடுவார்கள், வண்டி தன் பாட்டுக்குப் போகும்.

பெட்ரோல் டாங்க் கசிகிறதா என்று முகர்ந்து பாருங்கள். பேட்டரி இருந்தால் இணைப்பைக் கழற்றுங்கள். அங்கே யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

சக்கரம் சுற்றுமா

இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். போகட்டும்.

டயரிலிருந்து தொடங்குங்கள். முப்பது வருட ரப்பர் காற்றைப் பிடிக்குமா என்று பார்த்தாலே தெரியாது, அடித்துப் பார்க்கத்தான் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, நிறுத்தி, பக்கவாட்டில் வெடிப்பு விரிகிறதா என்று பாருங்கள். அடிக்கும்போது டயருக்கு நேர் எதிரே குந்தாதீர்கள், ஒருபக்கமாக நில்லுங்கள். பழைய லாரி, பக்கிகளில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) சிலவற்றுக்கு இரண்டு மூன்று துண்டாகக் கழலும் ரிம் இருக்கும். துருவேறிய அந்த வளையம் காற்றழுத்தத்தில் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அதைத் தொடாமல் டயர்க் கடைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கி. கடலோரக் காற்றில் நின்ற வண்டியின் அடித்தகடு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், அதில் ஜாக்கி வைத்தால் உள்ளே புகுந்துவிடும். சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கு அடியில், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வையுங்கள். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல் அடுக்கை நம்ப வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வண்டி ஏற்கெனவே செங்கல்மேல் நின்றால், இறக்கும்வரை கை கால் எதுவும் அதற்கடியில் போகக் கூடாது.

ஹேண்ட்பிரேக்கை நம்பி வண்டியைத் தூக்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய டாட்ஜ், பிளிமத், கிரைஸ்லர் பலவற்றிலும் பழைய லேண்ட்ரோவரிலும் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன் அது காற்றில் தாராளமாகச் சுழலும், தரையில் இருக்கும் மற்றது உருளத் தொடங்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதிதான். அந்த அமெரிக்க வண்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. இடப்பக்கச் சக்கர நட்டுகள் பலவற்றில் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். வழக்கம்போலத் திருகினால் இறுகிக்கொண்டே போய் போல்ட்டே ஒடியும்.

சக்கரம் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் பிரேக் லைனிங் (உராய்ந்து நிறுத்தும் பட்டை) சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் ஒட்டியிருக்கும். பிரேக் சரிசெய்யும் திருகைத் தளர்த்துங்கள். டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டுங்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்து மறுபடி தட்டினால் அனேகமாக விட்டுவிடும். டிரம்மைக் கழற்ற வேண்டி வந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது, காற்றுக் குழாயும் பிடிக்கக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைத் தோண்டி உலகுக்கு விற்ற நாடு இது. 2008இல் தடை செய்தாலும் பழைய வண்டிக்குள் அது அப்படியேதான் இருக்கிறது. முகமூடி போட்டு, தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

பின்சக்கரம் மட்டும் சுற்றாவிட்டால் கியர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் இறுகியிருந்தாலும் நியூட்ரலில் வண்டி உருளும். ஃபோர்ட் மாடல் டி வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி: தரையில் இருக்கும் கை லிவரை நேராக நிமிர்த்தி வைத்தால் அதுதான் நியூட்ரல், பின்னால் இழுத்தால் பிரேக். கியர் லிவர் துருவில் அசையவே இல்லையென்றால், மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு சேரும் தண்டின் நான்கு போல்ட்டைக் கழற்றிவிடலாம். 1954 வரை வந்த ஷெவர்லேயிலும் 1948 வரை வந்த ஃபோர்ட் கார்களிலும் தண்டு ஒரு குழாய்க்குள் அடைந்திருப்பதால் இது நடக்காது. அப்போது பின்சக்கரங்களுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்த பலகைகளை வாடகைக்கு எடுத்து வைக்க வேண்டும். அது மட்டமான, பெருக்கிச் சுத்தம் செய்த சிமெண்ட் தரைக்கு மட்டும்தான். ஒரு பொடிக்கல் தடுத்தாலும் நின்றுவிடும், சிறு சரிவு கண்டாலும் பக்கவாட்டில் ஓடிவிடும்.

பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். ஷெவர்லேயில் 1936இலிருந்தும் ஃபோர்டில் 1939இலிருந்தும் எண்ணெய் பிரேக். அந்த எண்ணெய் எப்போதோ வற்றியிருக்கும். கம்பி பிரேக் உள்ள இன்னும் பழைய வண்டிகளில் கொஞ்சம் பிடிப்பு மிஞ்சியிருக்கலாம். எதுவானாலும் பிரேக் இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

கட்டை

எங்கள் வீட்டுக் கட்டைகள் சலிக்னா என்னும் யூகலிப்டஸ் மரத்தில் அறுத்தவை. உயரம் சக்கர விட்டத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 17, 18 சென்டிமீட்டர். அகலம் டயரைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம் சக்கரத்தின் வளைவுக்கு ஏற்றபடி சாய்வாகச் செதுக்கியது. அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்தால் சிமெண்டில் வழுக்காது. முக்கியமானது கைப்பிடி. துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஒரு கம்பைக் கட்டையில் பக்கவாட்டில் முடுக்கிவிடுங்கள். அப்போது கையைச் சக்கரத்தருகே கொண்டுபோக வேண்டியதே இல்லை.

கட்டைக்காரர்கள் இரண்டு பேர், பள்ளப் பக்கச் சக்கரங்களுக்கு ஒவ்வொருவர். சக்கரம் போகும் தடத்தில் கால் வைக்காமல் வெளிப்பக்கமாக நடந்து, கட்டையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இழுத்துக்கொண்டே வர வேண்டும். மேட்டில் ஏற்றும்போது கட்டை சக்கரத்துக்குப் பின்னால், பள்ளத்தில் இறக்கும்போது முன்னால். இவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். வண்டி சற்று மக்கர் செய்தால் “வாங்க, ஒரு கை கொடுங்க” என்று கூப்பிடத் தோன்றும். கூப்பிடவே கூடாது. எங்கள் வீட்டில் வயதில் மூத்த, அவசரப்படாத இரண்டு பேருக்குத்தான் கட்டை.

எங்கே கை வைப்பது

வண்டி சும்மா நிற்கும்போதே எல்லோரையும் கூப்பிட்டு, எங்கே கை வைக்கலாம் என்று தொட்டுக் காட்டுங்கள். கதவுத் தூண் நல்ல இடம். பின்னால் ஸ்பிரிங்கைத் தாங்கும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முனையும் நல்ல இடம். மட்கார்ட், ஹெட்லைட், டிக்கி மூடி, படிப்பலகை, கண்ணாடி, பம்பரின் நுனி இவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. வெளியே நன்றாகத் தெரியும் பழைய தகடு உள்பக்கம் காகிதமாகியிருக்கும், உள்ளங்கை அளவுக்குக் குழி விழும். சேஸிஸைச் சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். அன்று பம்பர் பிடிப்பை நாங்கள் இப்படித் தட்டிப் பார்த்திருந்தால் போதும்.

முதுகை வளைக்காமல், கையை நீட்டி, கால் பலத்தால் தள்ள வேண்டும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். இதயக் கோளாறோ முதுகுவலியோ உள்ளவர் ஆசைப்பட்டாலும் தள்ள விடாதீர்கள்.

டயரின் மேல் விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் பாதி விசை போதும், அங்கே சக்கரம் நெம்புகோலாக உதவுகிறது. மட்கார்ட் விலகி நிற்கும் 1920களின் வண்டிகளில் இது கைகொடுக்கும். மட்கார்ட் மூடிய வண்டிகளில் விரல் நசுங்கும், அங்கே வேண்டாம். முதல் ஒரு அங்குலத்துக்கு மட்டும், மட்டத் தரையில், சக்கரத்துக்குப் பின்னால் கடப்பாரையால் நெம்பலாம். மரக்கம்பிச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையில் மட்டும் கடப்பாரையை நுழைத்துவிடாதீர்கள்.

1930களின் வண்டிகள் சிலவற்றில் கதவுக் கீல் பின்பக்கம் இருக்கும். அந்தக் கதவைத் திறந்து வைத்து முன்னால் தள்ளினால் வாசல் தூணில் மாட்டி, கதவு பின்னால் மடங்கிப் பிய்ந்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தள்ளுங்கள்.

நகர்த்தும் நாள்

மே முதல் ஆகஸ்ட் வரை, மழையில்லாத ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் ஆள் சோர்ந்துவிடுவார், மழையில் மண் குழைந்துவிடும். மண் தரை என்றால் சக்கரத்தடத்தில் கனமான பலகை விரியுங்கள். நாலு பலகை இருந்தால் போதும், பின்னாலிருப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம்.

உள்ளே உட்காருபவர் ஸ்டீயரிங் தெரிந்தவராக இருக்கட்டும். கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிகளுக்குள் விடாமல் வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் உருளும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டால் ஸ்டீயரிங் சட்டென்று முழுக்கச் சுழன்றுவிடும், விரல் ஒடியும். நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முயல வேண்டாம். வண்டி கொஞ்சம் உருள உருளத் திருப்பினால் தானாக இளகும்.

உத்தரவு ஒரே குரலில் வர வேண்டும். எங்கள் தெருவில் தள்ள வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் அரைகுறை. பக்கத்து வீட்டுக்காரர் சூலு பேசுபவர். முதல் தடவை நான் “நிறுத்து” என்று கத்தினால் யாருக்குப் புரியும் என்றே யோசிக்கவில்லை. இப்போது தொடங்குமுன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து ஒரு சொல்லை முடிவு செய்கிறோம். எங்களுக்கு அது “யிமா”. சூலுவில் நில் என்று பொருள், சின்னச் சொல், தூரத்திலிருந்தும் கேட்கும். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டவுடன் கட்டை விழ வேண்டும், தள்ளுபவர்கள் பக்கவாட்டில் விலக வேண்டும். உருளும் வண்டியைத் தோளால் தாங்கி நிறுத்தலாம் என்று யாரும் முயலக் கூடாது. அதுவும் முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

அப்புறம் ஒத்திகை. மட்டமான இடத்தில் ஒரு மீட்டர் தள்ளி, “யிமா” சொல்லி, கட்டை போட்டுப் பாருங்கள். இரண்டு தடவை செய்தால் கை பழகிவிடும். அதன் பிறகும் நடந்து போகும் வேகத்தில் பாதிதான் வேகம். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை கட்டை போட்டு மூச்சு வாங்கலாம்.

மேடு வந்தால்

கையால் இயக்கும் வின்ச், வண்டி எடையைவிட அதிகம் இழுக்கும் தரமுள்ளதாக வாடகைக்கு எடுங்கள். அதை நங்கூரமிட ஒரு இடம் வேண்டும். கேட் தூணில் கட்டாதீர்கள், செங்கல் தூண் பிடுங்கிக்கொண்டு வரும். பருத்த மரத்தில் அகலமான பட்டையைச் சுற்றலாம். அல்லது பக்கியை மட்டமான இடத்தில் கியரில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, அதில் மாட்டலாம்.

வண்டிப் பக்கம் பம்பர் கூடாது. இரண்டு முன்சக்கரத்தையும் சேர்க்கும் ஸ்டீயரிங் தண்டும் கூடாது, வளைந்துவிடும். முன் ஆக்ஸில் ஒரே இரும்புத் துண்டாக இருந்தால் இரு பக்கமும் ஸ்பிரிங் உட்காரும் இடத்தருகே மாட்டுங்கள். இல்லையென்றால் சேஸிஸின் குறுக்குச் சட்டம். இழுவிசையில் இருக்கும் கம்பிவடத்தின் நடுவில் ஒரு கனத்த போர்வையைப் போடுங்கள், அறுந்தால் வீச்சைக் குறைக்கும். வடத்தை யாரும் தாண்டக் கூடாது, அதன் நேர்கோட்டிலும் நிற்கக் கூடாது. வின்ச் இழுத்தாலும் கட்டைக்காரர்கள் பின்னால் வந்துகொண்டே இருப்பார்கள். இறக்குவதும் இதே முறைதான், வின்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இறக்கம்தான் இன்னும் ஆபத்து, “தானா போகுதே, விடுங்க” என்று யாராவது சொல்வார்கள்.

தெருவில் உருட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். பிரேக் இல்லாத, உரிமம் போன வண்டி அது. வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் காரைத் தன் முதுகில் ஏற்றிப் போகும் ரோல்பேக் லாரியைக் கூப்பிடுங்கள்.

நின்ற பிறகு

வண்டி இடத்துக்கு வந்ததும் எல்லோரும் கலைந்து தேநீருக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போக வேண்டாம், இன்னும் அரை மணி நேர வேலை இருக்கிறது. முன்சக்கரத்தை நேராக்குங்கள். நாலு சக்கரத்துக்கும் இரு பக்கமும் கட்டை போடுங்கள். டயருக்கு அடியில் பலகை வைத்தால் தரை ஈரம் ஏறாது. கட்டைகள் உறுதியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுங்கள், போட்டு வைத்தால் அடுத்த முறைக்குள் லைனிங் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடல் அழுந்துமானால் அதை அழுத்தி, சீட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மரத்துண்டைக் கொடுங்கள், கிளட்ச் ஒட்டாது.

கடைசியாக ஒரு அட்டை. கியர் எதில் இருக்கிறது, பிரேக் உண்டா இல்லையா, எந்தச் சக்கரம் சிரமப்பட்டது, டயரில் எவ்வளவு காற்று, எந்த இரும்பு இற்றது, தேதி எல்லாவற்றையும் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். எங்கள் ஷெவர்லேயில் இப்போது நான்கு அட்டைகள் தொங்குகின்றன. முதல் அட்டையில் ஒரே வரிதான்: முன் பம்பரில் கயிறு கட்டாதே.